இன்னொரு பிள்ளை

ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு மனச்சிதைவு இருந்தால்தான் அந்தக் குடும்பத்தை எங்கள் ஆராய்ச்சியில் சேர்ப்போம். நோய் ரத்தத்தில் எப்படி இறங்குகிறது என்று டாக்டர்கள் தேடுகிறார்கள். கார்த்தாகோ மலைச்சரிவில் வீடு வீடாக ஏறி ரத்தம் எடுப்பது என் வேலை. முழங்கால் வலியோடு ஏறுவதால் கோபம் எனக்குச் சீக்கிரம் வரும்.

அன்று ஏறிய வீட்டில் ஃப்ளோரி காப்பியை வைத்துவிட்டு மகன் ஹெரார்தோவைக் காட்டினாள். அவன் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் வளத்த லட்சணத்துலதான் இவன் இப்படி ஆயிட்டான்னு இருபது வருஷமா என் மாமியா திட்டுது நர்சம்மா. உங்க ஆராய்ச்சில சேந்தா டாக்டரே வீட்டுக்கு வந்து விளக்குவாராமே? அந்தக் கிழவிய முன்னால உக்கார வச்சுக் கேக்க வைக்கணும்."

"ஒருத்தர் பத்தாதும்மா. ரெண்டு பேரு வேணும்."

அவள் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது.

வாசலில் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். ஃப்ளோரியின் மகள் நோய்லினிடம் மாதா பேசுகிறாள் என்று ஊரே நம்புகிறது. பரீட்சை, புருஷன், வேலை என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் கேட்க வருவார்கள். அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். புழுக்கத்திலும் கம்பளிச் சட்டை, இரண்டு காதிலும் பஞ்சு. நோயாளிகள் பலரை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

"நோய்லினுக்கு எப்போலேர்ந்து குரல் கேக்குது?" என்றேன்.

ஃப்ளோரி சீறினாள். "அது மாதா பேசறது! வாயக் கழுவுங்க. எனக்கு உங்க டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். கெளம்புங்க."

கேட்டிருக்க வேண்டாமோ என்று பையைத் தூக்கினேன். அதற்குள் நோய்லின் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"எடுத்துக்குங்க நர்சம்மா."

"உனக்கு என்னடி பைத்தியமா?" என்று ஃப்ளோரி கத்தினாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"வர்றவங்களுக்கு நானா நல்ல வார்த்தையாப் பாத்துச் சொல்றேம்மா. எனக்குக் கேக்குறது வேற. பாலத்துலேர்ந்து குதிச்சுச் செத்துப்போன்னு மாதா சொல்லுவாளா?"

"எப்போலேர்ந்துடி?"

"பதினாறு வயசுலேர்ந்து. உனக்குப் பெருமையா இருந்துச்சு. அதான் சொல்லல."

ஊசியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். "ரத்தம் கெடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வா தாயி."

ஃப்ளோரி எழுந்து வாசலுக்குப் போனாள். அந்தப் பெண்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"வீட்டுக்குப் போங்க," என்றாள். "எம் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல."