சார்ஜர் இருக்கும் மூலை

நாத்தனார் கண்ணுக்கு அண்ணி செய்வதெல்லாம் குற்றம் என்பார்கள். நான் அப்படியில்லை, எல்லோரையுமே சந்தேகிப்பேன். அண்ணியும் இருக்கும் இந்த நிறுவனத்தில், சோதனைப் பிரிவில் என் வேலையே அதுதான்.

அண்ணி எழுதும் நிரல், மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொண்டுபோகப்போகும் தானியங்கி வண்டிகளுக்கானது. கணினிக்குள் தலைமுறைக்கு நூறு வண்டிகள் பிறக்கும். பேட்டரி தீர்வதற்குள் சார்ஜரைக் கண்டுபிடிப்பவற்றுக்கே வாரிசு உண்டு. பிறவிக் குணம் வாரிசுக்குப் போகும். வாழ்நாளில் முட்டி மோதிக் கற்றது அந்த வண்டியோடு செத்துவிடும். அதுதான் விதி.

முன்னூறாவது தலைமுறை எள் என்பதற்குள் எண்ணெயாக நின்றது. தேடவே இல்லை, பிறந்ததும் நேரே சார்ஜருக்கு ஓடியது.

“அண்ணி, அப்பன் கத்துக்கிட்டத பிள்ளைக்கு காப்பி பண்ணி விட்டுட்டீங்களா?”

“ஐயோ, இல்லம்மா. பாதி தெரிஞ்சு பொறந்தது மீதியக் கத்துக்கிட்டுப் பொழைச்சுது. அதோட பிள்ளைங்கள்ல இன்னும் கொஞ்சம் தெரிஞ்சு பொறந்தது முந்திக்கிச்சு. இப்படியே போனா, அப்புறம் கத்துக்கவே வேணாம்ல?”

கேட்க அழகாக இருந்தது. அதனாலேயே நம்பவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் நிதானமாகத் தேநீர் குடித்தாள். சாயங்காலத்துக்குள் நான் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வண்டிகள் வார்டுக்குப் போகும். அங்கே ஒன்று வழியில் நின்றாலும் யாரோ ஒரு நோயாளிக்கு மருந்து போய்ச் சேராது.

நிரலை வரிவரியாகத் துருவினேன். காப்பி எதுவும் இல்லை. ஆத்திரத்தில் சார்ஜரை வலது மூலைக்கு மாற்றி ஓட்டினேன்.

தொண்ணூற்றொன்பது வண்டிகள் இடது மூலைக்கு ஓடி, வெறும் சுவரை முட்டிக்கொண்டே செத்தன. ஒன்று மட்டும் ஒரு முட்டு முட்டி, நின்று, திரும்பி, சுவரோரமாகவே தேடி வந்து சேர்ந்தது. நாற்பத்தொன்றாம் எண். ‘மந்தம், அழிக்கவும்’ என்று காலையில்தான் அதற்கு எதிரே குறித்திருந்தேன்.

“பாத்தீங்களா அண்ணி!”

அண்ணி திரையை நெருங்கினாள். “இதுங்களுக்கு இடது மூலையத் தவிர வேற உலகமே தெரியல. பழைய வரைபடத்தையெல்லாம் எடு, பாப்போம்.”

எடுத்தேன். ஒவ்வொரு தலைமுறைக்கும் புது அறை வரைவது நான். கதவு, கட்டில், அலமாரி எல்லாம் மாறியிருந்தன. சார்ஜர் மட்டும் முன்னூறு படங்களிலும் இடது மூலையிலேயே இருந்தது. என் மேசையில், நான் பார்க்காமலே கைபேசியைச் செருகும் அதே பக்கம்.

வெட்கமாகப் போய்விட்டது. அண்ணி, ஆறிக்கொண்டிருந்த என் தேநீரை என் பக்கம் நகர்த்தினாள்.

நாற்பத்தொன்றுக்கு எதிரே இருந்த குறிப்பை அடித்து நீக்கினேன். அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. ‘நிறுத்தியதற்குக் காரணம்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.