மூன்றாவது தளத்தில் நின்றவன்

1894ஆம் ஆண்டு பேஸ்பால் பருவத்தின் கடைசி ஆட்டம். வீலிங் மைதானத்தில் ஃபின்டன் மக்ராத் மூன்றாவது தளத்தில் நின்றுகொண்டிருந்தான். இன்னும் தொண்ணூறு அடி ஓடி, மட்டைக்காரன் நிற்கும் தளத்தைத் தொட்டுவிட்டால் அவன் கணக்கில் 152 ரன். சிவப்புத்தொப்பி அணியின் ப்ரூயிட்டும் 152தான். லீக்கில் அதிக ரன் எடுத்தவர்கள் என்று இருவர் பெயரும் சேர்ந்து வரும்.

மட்டை பிடித்து நின்றவன் ஒட்மார். ஃபின்டனின் தங்கை டெலியாவைக் கட்டியவன். ஒட்மாரை இந்த அணிக்குள் கொண்டுவந்ததே ஃபின்டன்தான். இருவருக்குள்ளும் ஒரு சைகை உண்டு. ஒட்மார் தொப்பி விளிம்பைத் தொட்டால் பந்தை மெல்லத் தட்டிவிடுவான். ஃபின்டன் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம். கோடை முழுக்க ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஒட்மார் தொப்பியைத் தொட்டான். ஃபின்டன் பாய்ந்தான். பந்து வந்தது. ஒட்மார் மட்டையை அசைக்கவே இல்லை. அவனுக்குப் பின்னால் பந்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த எதிரணிக்காரன், ஓடிவந்தவன் தோளில் அதை அழுத்தினான். ஆட்டம் முடிந்தது.

அணித்தலைவர் கத்தினார். "உன் மச்சானுக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"அவனைச் சொல்லாதீங்க கேப்டன். வெயில் மூஞ்சில அடிச்சிருக்கும்" என்றான் ஃபின்டன். சுற்றிப் பார்த்தான். ஒட்மாரைக் காணவில்லை.

அவனுக்குச் சமாதானம் சொல்ல, தானும் தங்கியிருந்த தங்கை வீட்டுக்கு நேரே போனான். அடுப்பில் முட்டைக்கோசும் பன்றிக்கறியும் வெந்துகொண்டிருந்தன. ஏழு மாத வயிற்றோடு டெலியா பீங்கான்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்புறீங்க?"

அவள் தலை நிமிரவில்லை. "அடுத்த வருஷம் அவருக்குச் சிவப்புத்தொப்பியில இடம் கிடைச்சிருக்கு அண்ணா. இங்க அவரை எடுக்க மாட்டாங்களாம்."

"நல்லதுதானே. இதை எதுக்கு மறைக்கணும்?" கேட்கும்போதே அவன் குரல் இறங்கியது. "எப்ப பேசினாங்க?"

"ரெண்டு வாரம் ஆச்சு." கையிலிருந்த தட்டை மறுபடியும் சுற்றினாள். "இவருக்கு இடம் வேணும்னா ப்ரூயிட் பேரு மட்டும் தனியா மேல வரணும்னு அந்த அணி முதலாளி சொன்னாராம். சுவரொட்டியெல்லாம் அடிச்சு வச்சிட்டாராம்."

ஃபின்டன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒட்மாரின் துரோகத்தைக்கூட நெஞ்சு எப்படியோ வாங்கிக்கொண்டது. அந்த இரண்டு வாரமும் தினம் இதே மேசையில் சாப்பிட்டிருக்கிறான். நேற்றுகூட டெலியா தன் கையாலேயே ரொட்டி வெட்டிப் போட்டு, "நாளைக்கு ஜெயிச்சுடுவே" என்றாளே!

"என்கிட்ட கேட்டிருந்தா நானே தடுக்கி விழுந்திருப்பேனே, டெலியா. உன் வயித்துப் பிள்ளைக்காகன்னு சொல்லியிருந்தா போதுமே."

"உன்கிட்ட எப்படிண்ணா கேப்பேன்? நாலு வருஷமா அதுக்குத்தானே ஓடிக்கிட்டு இருந்தே."

"கேக்கத்தான் முடியல. செய்ய முடிஞ்சுது."

அவள் அழத் தொடங்கினாள். அவன் தேற்றவில்லை. மாடியறையிலிருந்து தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினான். வாசலில் ஒட்மார் எதிர்ப்பட்டான். "மச்சான், ஒரு நிமிஷம்..."

ஃபின்டன் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

பட்டியல் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்தது. ப்ரூயிட் 152, மக்ராத் 151. மார்கழிக் குளிரில் டெலியாவின் கடிதம் வந்தது: பையன் பிறந்திருக்கிறான், ஞானத்தந்தையாக நீதான் நிற்க வேண்டும். ஃபின்டன் இருமுறை படித்தான். குழந்தைக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கித் தபாலில் அனுப்பினான். கூடவே ஏதாவது எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தவன், தங்கையின் பெயருக்கு மேல் ஒரு சொல்லும் வராமல் கிழித்துப் போட்டான்.