துரையின் கோட்டில் சொர்ணம்மாள் கோலம்

ரங்கூன் சூலே பகோடாவின் பொன்முடி சாட்சி, சில தெரு தள்ளி உட்கார்ந்திருக்கும் காளியம்மன் சாட்சி: இதில் வருவது அத்தனையும் நடந்தது. ஒரு சொல்லும் கூட்டியதில்லை, எறும்பு உள்பட.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து, மார்கழி. ரங்கூன் மொகல் தெருவில் நகைப்பட்டறை வைத்திருந்த நல்லப்ப ஆசாரி முன்னால் ஆற்றுக் கப்பல் இஞ்சினீயர் கீகன் துரை வந்து உட்கார்ந்து, கோட்டில் குத்தியிருந்த வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றி வைத்தான். ஊரில் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு இதேபோல் தங்கத்தில் ஒன்று வேண்டும், தை பிறந்ததும் கப்பல் ஏறுகிறேன் என்றான். துரையின் இந்துஸ்தானியும் ஆசாரியின் இந்துஸ்தானியும் ஒரே அளவு மோசம் என்பதால் இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

பதக்கத்தை ஆசாரி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று காலை அவர் பெண்டாட்டி சொர்ணம்மாள் வாசலில் போட்ட சிக்குக் கோலம் அது. நாலு மூலையில் நாலு கண்ணி, நடுவில் பின்னல். புள்ளியை மட்டும் அழித்துவிட்டு அப்படியே வெள்ளியில் படுத்திருந்தது.

இது ஏது என்று கேட்டார். தன் நாடு அயர்லாந்து, கெல்ட் என்ற பழைய ஜனம் தன் முன்னோர், ஊர்ச் சிலுவைக் கல்லிலும் வேதப் புத்தகத்து ஓரத்திலும் இதே மாதிரி முடிச்சுகள்தான் என்று துரை சொன்னான். தொடக்கம் கிடையாது, முடிவு கிடையாது, ஒரே கோடு. என்ன அர்த்தம் என்று செதுக்கினவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை. பிரியாத அன்பு என்பார்கள் சிலர், சாகாத உயிர் என்பார் பாதிரியார். கெட்டது உள்ளே நுழைந்தால் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பாள் அவன் அத்தை. இவ்வளவில் ஆசாரியின் காதில் தங்கியது ஒன்றுதான்: ஆசாரி வீட்டுத் தெரு வழியாகத்தான் தினமும் துறைக்குப் போகிறேன் என்று அவன் போகிற போக்கில் சொன்னது.

அத்தை சொன்னதில் பொய் இல்லை. அன்று மத்தியானம் பதக்கத்தில் ஏறிய ஒரு கட்டெறும்பு இறங்க வழி தெரியாமல் கோட்டோடு சுற்றியது. மறுநாளும் சுற்றியது. எதிர்க்கடை டீ வியாபாரி பீர் முகைதீன் இரக்கப்பட்டு வழியில் துளி சர்க்கரை வைத்தார். எறும்பு தின்றுவிட்டு, நேரமாகிவிட்டது போல மறுபடி கிளம்பியது. ஆசாரியும் அப்படித்தான் சுற்றினார். துரையின் செம்பட்டை மீசை, சொர்ணத்தின் கோலம், துரை போகும் வழி, மறுபடி மீசை.

"அந்தக் கோலத்தை வேற யாருக்காவது காட்டினியா?" என்று வீட்டில் கேட்டார்.

"வாசல்ல போடுறதை முந்தானைக்குள்ளயா ஒளிச்சு வைப்பாக?" என்றாள்.

அது போதுமாயிருந்தது. மறுநாள் அவள் கோலம் போட்டு உள்ளே திரும்பியதும் ஒரு செம்புத் தண்ணீரை அதன் மேல் கொட்டினார். தினமும் கொட்டினார். அவளும் தினமும் இன்னும் பெரிதாகப் போட்டாள். வாரக் கடைசியில் கோலம் பாதித் தெருவை அடைத்து, ரிக்ஷாக்கள் ஒதுங்கிப் போயின.

நகையை வஞ்சகமாகச் செய்தார். கம்பியைப் பின்னி, கடைசி இணைப்பில் மட்டும் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுகுழலால் ஊதாமல் மயிரிழை இடைவெளி விட்டார். துரைக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒட்டாமல் போகட்டும். சோதித்துப் பார்க்க எறும்பைப் புதுப் பதக்கத்தில் ஏற்றினார். அது இடைவெளிக்கு வந்து, நின்று, இறங்கி, வீட்டுக்குப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துச் சொர்ணம்மாள் சோறு கொண்டு வந்தாள். பதக்கத்தைப் பார்த்தாள். எவளுக்கு என்றாள். துரை கட்டிக்கப் போகிறவளுக்கு என்றார்.

"என் கோலத்தைக் கண்காணாத ஒருத்தி மார்ல குத்திவிடுவீக. என் மூக்குத்தித் திருகை மாத்தித் தாங்கன்னு கேட்டு வருஷம் ஒண்ணாச்சு."

சொல்லிக்கொண்டே விரலால் கோட்டைத் தொடர்ந்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. கோடு மூடாத கோலத்தை அவள் வாசலில் ஒருநாளும் விட்டதில்லை. குடும்பத்துக்கு ஆகாது. விரலை எடுக்காமல் புருஷனை ஏறிட்டாள்.

"அப்ப தண்ணி ஊத்துனதும் நீங்கதான். பக்கத்து வீட்டுப் பாப்பம்மான்னு நெனச்சு, ஊத்துற கை வெளங்காமப் போகணும்னு காளியாத்தாகிட்ட தினம் வேண்டிக்கிட்டேனே."

ஆசாரி வலது கையை மெல்ல மடிக்குள் இழுத்துக்கொண்டார். இரண்டு நாளாக அது ஊதுகுழலைப் பிடிக்க மறுத்துவந்தது.

"இதைக் குத்திக்கிட்டு அவ பிரிஞ்சு போனா தொரை எங்க வருவான்? திரும்ப இந்தத் தெருவுக்குத்தான் வருவான். யோசிச்சுச் செய்யுங்க."

தூக்குச்சட்டியைத் திறக்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியலில், இன்னும் ஊதாத பதக்கத்தை மடியில் செருகிக்கொண்டு ஆசாரி கதவைத் திறந்தார். அதுவரை போட்டதிலெல்லாம் பெரிய கோலம் தெருவில் கிடந்தது. அவர் காலடியில் மட்டும் கோடு மூடாமல் ஒரு சாண் விட்டிருந்தது. பக்கத்தில் மாவுக் கொட்டாங்கச்சி. தெருக்கோடியிலிருந்து கீகன் துரை, கோலத்தை மிதிக்கக் கூடாது என்ற மரியாதையில், கோட்டோடு கோடாக வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தான். ஆசாரி அந்த விளங்காத கையாலேயே ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் குனிந்தார். மூடினால் துரை எறும்பு போல உள்ளேயே சுற்றுவான், விட்டால் நேரே இங்கே வந்து இறங்குவான்.

இதற்கும் அந்தப் பொன்முடியே சாட்சி: நல்லப்ப ஆசாரியும் சொர்ணம்மாளும் குடியிருந்தது மூன்றாம் மாடியில். தெருவில் அவர்களுக்கு வாசலே கிடையாது.