ஒன்பதாவது கிட்டாரின் பொட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு அலுவலக மேசையில் கிடைத்தது. கோலாலம்பூர் பக்கம் ரவாங்கில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவன் நான். பின்பக்கம் இடித்த காரின் படத்தைக் காட்டினால், முன்பக்கம் எப்போது இடித்தது என்று கேட்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறேன். இரண்டு வேலைக்கும் ஒரே திறமை போதும்: எதிரில் இருப்பவர் சொல்வதை நம்பாமல், நம்புகிற மாதிரி தலையாட்டுவது.

புனிதவதி அக்கா இரண்டு வருடத்துக்கு முன், கணவர் செல்வா இறந்தபோது பத்திரங்களோடு என்னிடம் வந்தவர். செல்வாவுக்கு ஜெராம் பக்கம் பாமாயில் ஆலையில் வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாண மேடைகளில் கிட்டார் வாசிப்பார். ஆலையிலேயே மாரடைப்பு. நான் தோண்டிப் பார்த்தும் அந்த மரணத்தில் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. போன செப்டம்பரில் அக்கா மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் பத்திரம் இல்லை, கைப்பேசியில் ஒரு காணொளி இருந்தது.

காணொளியில் தனபாலன் உட்கார்ந்திருந்தார். செல்வா வாசித்த அதே இசைக்குழுவின் கிட்டார்காரர். பின்னால் சுவரில் ஒன்பது கிட்டார்கள். ஒவ்வொன்றும் தன் கைக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசிச் செவப்பு இருக்குல்ல தம்பி, அது எங்க வீட்டுக்காரரோடது."

"தெரியுமா, தோணுதாக்கா?"

"தோணுது." கைப்பேசியை என் பக்கம் தள்ளி, "பொய்யக் கண்டுபிடிக்கிறதுதான உங்க வேலை? போய்ப் பாருங்களேன்" என்றார்.

2

இதற்கு நான் எழுதிய முதல் தொடக்கம் இது: 'அந்தச் சிவப்பு கிட்டாருக்குள் ஒரு துயரம் உறங்கிக்

(நிறுத்திவிட்டேன். கிட்டாருக்குள் காற்றும் சில சமயம் கரப்பான் பூச்சியும்தான் இருக்கும்.)

இரண்டாவது: 'புக்கிட் பெருந்துங்கில் ஒரு திருடன் வாழ்ந்தான்.'

(இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே சந்தேகமாக இருந்தது. அப்போது அந்த ஊரில் இருக்கும் தனபாலனை நான் பார்க்கக்கூட இல்லை.)

3

அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே வைக்கிறேன். செல்வா இறப்பதற்கு நான்கு மாதத்துக்கு முன் அந்த கிட்டார் காணாமல் போனது. கோலா சிலாங்கூரில் ஒரு கல்யாண நிகழ்ச்சி முடிந்து சாமான்களை லோரியில் ஏற்றும்போது தொலைந்துவிட்டதாகச் செல்வாவே வீட்டில் வந்து சொன்னார். அதன் பிறகு அவர் வேறு கிட்டார் வாங்கவில்லை, மேடைக்கும் போகவில்லை. சாப்பிட்டு முடித்ததும் இடது கை விரல்களால் மேசை விளிம்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

"சத்தமே இல்லாம வாசிச்சாரு தம்பி. நாலு மாசம்."

தொலைந்ததற்கு ஒரு வாரம் முன்னால் பெரிய சண்டை. எல்லாச் சனிக்கிழமையும் தனியாகக் கிடக்கிற கோபத்தில், "இந்த வீட்டுல நானா, அதுவா?" என்று அக்கா கேட்டுவிட்டார்.

"திருட்டுப் போச்சுன்னா அது திருடுனவன் பாவம். அவரே எங்கயாவது குடுத்துட்டாருன்னா..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. அக்காவுக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். திருடன் கிடைத்தால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கும் தேவைப்பட்டான், திருடன் இருந்தால் கதை நன்றாக ஓடும். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வேண்டும் என்றால், அந்தக் கோப்பை நாங்கள் அலுவலகத்தில் இரண்டு முறை பார்ப்போம்.

அடையாளம் ஒன்றும் சொன்னார். சரஸ்வதி பூசைக்கு எல்லா கிட்டார்காரர்களும் முறுக்காணி இருக்கும் மேல்முனையில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். செல்வா விடமாட்டார். முன்னால் வைத்தால் மேடை விளக்கில் பல்லிளிக்கும் என்பார். அதனால் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில், பின்பக்கமாக, அக்காதான் பொட்டு வைப்பார். பத்தொன்பது வருடம், ஒரே இடத்தில்.

4

ஞாயிறு மலருக்குக் கட்டுரை எழுதப்போவதாகப் பொய் சொல்லித்தான் தனபாலன் வீட்டுக்குள் நுழைந்தேன். (மற்றவர்களின் பொய்யைப் பிடிக்கப் போகிறவன் கைவீசிக்கொண்டா போவான்?) பெரிய மனிதர், சின்ன வரவேற்பறை. சோபாவில் ஒருவர் உட்கார்ந்தால் அடுத்தவர் கிட்டாரில் தலை இடிக்கும்.

"கேளுங்க தம்பி. ஒண்ணொண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கு லா."

கறுப்பு கிட்டார், கோலாலம்பூர் ஹோட்டலில் வாசித்த பிலிப்பினோக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. காணொளியில் அவர் பெயர் டேனி, என்னிடம் ரிக்கி. வயிறு வீங்கியது, கதிரவேலு என்ற, தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியின் வீட்டில் கிடந்தது. மகள் லண்டனுக்குப் போனபின் அலமாரி மேலேயே இருபது வருடம் வெந்திருக்கிறது. விரிசல் விட்டது, பெஸ்தாரி ஜெயாவில் மழையில் மேடை சரிந்த அன்று பெண்வீட்டார் ஒருவர் மேலே விழுந்ததில் பிளந்தது. காணொளியில் விழுந்தவர் மாமா, என்னிடம் சித்தப்பா. எட்டு கிட்டாருக்கும் இப்படித்தான், அங்கங்கே கதை நழுவியது.

சிவப்புக்கு மட்டும் நழுவவில்லை. "தோட்டத்துச் சர்ச்ச மூடுனப்ப ஃபாதர் கூப்பிட்டு, 'பாலா, இது உன்கிட்ட இருந்தா ஒழுங்கா இருக்கும்'னு குடுத்தாரு." காணொளியிலும் இதே வார்த்தைகள். ஃபாதர் கூப்பிட்ட இடத்தில் அதே பெருமூச்சு.*

(*நடந்த விபத்தை யாரும் இரண்டு முறை ஒரே மாதிரி சொல்வதில்லை. மனப்பாடம் செய்தவர்கள்தான் சொல்வார்கள். என் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்.)

அன்று அந்தக் கிட்டாரை என்னால் தொட முடியவில்லை. நான் கையை நீட்டியதும், "அத எடுத்தா சுருதி போயிரும்" என்றார்.

5

சரஸ்வதி பூசை முடிந்த வாரம் மறுபடி போனேன். எட்டு கிட்டாரின் மேல்முனையிலும் சந்தனம் காய்ந்திருந்தது. சிவப்பில் இல்லை.

"இதுக்கு மட்டும் பொட்டு இல்லியேண்ணே?"

"இருக்கும் லா" என்றார், பார்க்காமலே.

கேட்காமல் எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம், கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில், புதுச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கட்டைவிரலால் துடைத்தேன். அடியில் வார்னிஷ் வெளுத்து ஒரு வட்டம்.

"இது செல்வா அண்ணனோடது."

தனபாலன் எழுந்தார். உள்ளே போய் மடித்த கைலி ஒன்றைக் கொண்டுவந்தார். நீலக் கட்டம். ஓரத்தில் கொசுவர்த்தி சுட்ட ஓட்டையைப் பச்சை நூலால் தைத்திருந்தார்கள்.

"இதுல சுத்தித்தான் மோட்டார் சைக்கிள்ல கொண்டாந்தான். 'மச்சான், வீட்டுல சண்டையா இருக்கு, உன்கிட்ட இருக்கட்டும். அவகிட்ட தொலைஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிறேன்'னான். வாரத்துல ஒரு நாள் வந்து வாசிக்கிறேன்னும் சொன்னான்."

"வந்தாரா?"

"ஒரு தடவ. கைலியப் பிரிக்கவே இல்ல. தே தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டான்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனாலும் பழக்கதோஷம், கேட்டேன். "அப்புறம் எதுக்குண்ணே ஃபாதர் கதை?"

"அந்த வீடியோவப் புனிதவதி பாக்காதா?"

"பாக்கும்னு தெரிஞ்சும் ஏன் சுவத்துல மாட்டுனீங்க?"

பெட்டிக்குள் வைத்தால் பூசணம் பிடிக்கும் என்றார். பிறகு, "அவன் சாமான அடைச்சு வைக்க மனசு வரல தம்பி" என்றார்.

"திருப்பிக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா, எப்படி வந்துச்சுன்னு கேக்கும்ல?" கைலியை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். "ஒண்ணு செய்யி. நான்தான் எடுத்துக்கிட்டேன்னு சொல்லிரு. லோரி ஏத்தறப்ப ஆசப்பட்டுத் தூக்கிட்டான் பாலான்னு சொல்லு. கிட்டாரையும் கொண்டுபோயி குடுத்துரு. அது நாலு வார்த்த திட்டட்டும், நான் வாங்கிக்கிறேன்."

6

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். நல்ல மனிதர், கலங்கிய கண், இறங்கிய கிட்டார். வாசகர் மூக்கைச் சிந்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம்.

என்னால் முடியவில்லை. அவர் உண்மையிலேயே திருடியிருந்தாலும், நான் பொட்டைக் கண்டுபிடித்த பிறகு இதைத்தானே சொல்லியிருப்பார்? திருடவில்லை என்று சாதிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திருடியதாக ஒப்புக்கொண்டு, அதையே தியாகமாகவும் ஆக்கிக்கொள்கிற ஒருவரை முதல் முறையாகப் பார்க்கிறேன். கைலி யாருடையதாகவும் இருக்கலாம். நீலக் கட்டம் இல்லாத வீடு எது?

உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: 'அக்கா, நீங்கள் பச்சை நூலால் ஒரு கைலி தைத்தீர்களா?' அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்கா. கேட்ட நொடியில், கிட்டார் வீட்டிலிருந்தே அந்தக் கைலியில் சுற்றிக் கட்டிப் போனது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் எதையும் சொல்லவே தேவையில்லை.

முடிவு அ: கிட்டாரைக் கொடுத்து, தனபாலன் திருடினார் என்கிறேன். அக்கா அவரைச் சபிக்கிறார், இரவில் நன்றாகத் தூங்குகிறார்.

முடிவு ஆ: கைலியையும் சேர்த்துக் கொடுக்கிறேன். அக்கா

(இதை மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் அவர் கைலியை முகர்ந்து பார்க்கிறார். அதற்குமேல் என் கை போகவில்லை.)

7

சிவப்பு கிட்டார் இப்போது என் வீட்டில், புத்தக அலமாரியில் சாய்ந்து நிற்கிறது. நான் துடைத்த இடத்தில் பொட்டு பாதிதான் இருக்கிறது. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். அக்கா மூன்று முறை அழைத்துவிட்டார், நான் எடுக்கவில்லை. எழுதப்போகிறேன் என்று சொன்ன பொய் மட்டும் மெய்யாகிவிட்டது, இது ஞாயிறு மலரில் வருகிறது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். பச்சை நூலை மஞ்சளாக்கிப் பார்த்தேன், பொய் என்று எனக்கே தெரிந்தது, திரும்பப் பச்சையாக்கிவிட்டேன்.

அக்கா பத்திரிகை வாங்குவதில்லை. சுங்கை செம்பிலாங் போகிற வழியில், தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்தை இடித்துவிட்டுக் கட்டிய வரிசை வீடுகளில் இருக்கிறார். பக்கத்து வீட்டில் படித்து முடித்தபின் திங்கட்கிழமை இரவல் வாங்குவார். நீங்கள் அந்தப் பக்கத்து வீடாக இருக்கலாம். நாளை அவர் வேலியோரம் வந்து, "மலர் இருக்கா?" என்று கேட்பார்.

அவர் தூங்கட்டும் என்று நினைத்தால், ஐந்தாம் பகுதியிலிருந்து கிழித்துவிட்டுக் கொடுங்கள். குழந்தை கிழித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கிழிக்காமல் கொடுப்பதாக இருந்தால், கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். அவர் வாசித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.