தலைவர் திருவாய் மலர்ந்த கதை

செத்துப்போன மனுஷன் இவ்வளவு பேசுவாருன்னு எனக்குத் தெரியாதுங்க. உயிரோட இருந்தப்போ யூனியன் தலைவர் கடம்பநாதன் பேசினதை எழுதிவைக்க ஒரு நாதி இல்ல. இப்போ நூறாவது பொறந்தநாளாம், அச்சில் ஏறாத அவர் பேச்செல்லாம் புக்கா வருதாம். ஆளாளுக்கு அவுத்துவிடறாங்க. டீக்கடையில என்கிட்ட சொன்னாரு, கார்ல போறப்போ என் தோள்ல கை போட்டுச் சொன்னாருன்னு. அடேங்கப்பா! இத்தனை பேர்கிட்ட பேசிட்டு அந்த மனுஷன் சோறு தின்ன எப்போ வாயைத் திறந்தாரோ!

அவரோட பேரன் பரத், வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல பெரிய வேலை, பீன்யாவுல எங்க வீட்டைத் தேடிக்கிட்டு வந்தான்.

"ஆன்ட்டி, 'கேட் அவங்களுது, கால் நம்மளுது'ன்னு தாத்தா உங்க ஃபேக்டரி வாசல்ல பேசினாரே, அதைக் கேட்டவங்கள்ல நீங்கதான் மிச்சம். விழாவுல மேடையேறி, நான் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். புக்கோட பேரே அதான்."

அது என் வீட்டுக்காரர் அய்யாவு சொன்னது.

அப்போ ஃபேக்டரியில ஸ்ட்ரைக். தலைவர் மெட்ராஸ்லேர்ந்து வந்து கேட் மீட்டிங்ல தமிழ்ல பேசுவாரு. அய்யாவுக்குத் தமிழும் கன்னடமும் தண்ணிபட்ட பாடு, பக்கத்துல நின்னு கன்னடக்காரங்களுக்கு மாத்திச் சொல்லுவாரு. வீட்டுப் பொம்பளைங்க நாங்க முன்னாடி உக்காந்திருந்தோம். தலைவர் தன் ஜெயில் கதையை ஒரு பாட்டம் பாடி முடிச்சாரு. அப்புறம் அய்யாவு பக்கம் குனிஞ்சு, "ரயிலுக்கு நேரமாச்சு, ஏதாவது சொல்லி முடிப்பா"ன்னாரு. என் காதுல நல்லா விழுந்துச்சு.

அய்யாவு மைக்கைப் பிடிச்சு, "கேட் அவர்து, காலு நம்து"ன்னாரு. கேட்டைத் தொறக்கிறது அவங்க இஷ்டம், உள்ள கால் வைக்கிறது நம்ம இஷ்டம்னு. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு அதையே கத்துச்சு. தலைவர் தனக்குத்தான் கோஷம்னு நெனைச்சு கும்பிட்டுக்கிட்டே வண்டியேறினாரு.

ஸ்ட்ரைக் முடிஞ்சு எல்லாரையும் உள்ள எடுத்தாங்க, அய்யாவு ஒருத்தரைத் தவிர. அந்த வார்த்தையைச் சொல்லி ஆளுங்களைத் தூண்டிவிட்டது இவர்தான்னு குத்தம். தலைவர் மறுபடி வந்தப்போ மெஜஸ்டிக்ல அவர் தங்கின லாட்ஜுக்கு நாங்க ரெண்டு பேரும் ஓடினோம். "ஐயா, நீங்க பேசினதைத்தான் நான் மாத்திச் சொன்னேன்னு விசாரணையில ஒரு வார்த்தை சொல்லுங்க, என் வேலை பொழைச்சுக்கும்"னு அய்யாவு கையெடுத்துக் கும்பிட்டாரு. தலைவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே அய்யாவு"ன்னாரு.

சொல்லலைதான். வாழ்நாள்ல அன்னிக்கு ஒருநாள் உண்மை பேசினாரு, அதுவும் எங்க தலையில விடிஞ்சுது.

அப்புறம் அய்யாவு பக்கத்துத் தெரு கம்பெனிக்கு வாட்ச்மேனாப் போனாரு. எதிர்ச் சுவத்துல யூனியன்காரங்க அதே வார்த்தையைச் சிவப்புல எழுதி, கீழே கடம்பநாதன்னு போட்டாங்க. சாகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டுதான் ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு.

இத்தனையும் பரத்கிட்ட சொன்னேன். பய அசரல. "கருத்து தாத்தாவோடதுதானே ஆன்ட்டி, அங்கிள் மாத்திச் சொன்னாரு, அவ்ளோதான். கடைசியில நன்றின்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல அங்கிள் பேரையும் சேர்த்துடறேன்"னான். பந்தல் போட்டவன், போண்டா போட்டவனோட! துடைப்பக்கட்டையை எடுக்கத்தான் கை போச்சு. அடக்கிக்கிட்டு, "சரிப்பா, வர்றேன்"னேன்.

அல்சூர்ல பெரிய ஹால். மேடைக்குப் பின்னாடி பேனர் முழுக்க என் வீட்டுக்காரரோட வார்த்தை, பக்கத்துல தலைவர் படம். பரத் சால்வை போர்த்தி, "நேர்ல கேட்ட வள்ளியம்மா பேசுவாங்க"ன்னு மைக்கைக் கொடுத்தான்.

"தலைவர் பேசினதுல அச்சில் ஏறாதது ஒண்ணு எனக்குத் தெரியும்"னேன். "லாட்ஜுல வெச்சு, என் ரெண்டு காதால கேட்டது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே அய்யாவு.' இதை முதல் பக்கத்துல போடுங்க. இது நெஜமாவே அவர் சொன்னது."

பாதிப் பேர் கைதட்டிட்டாங்க, பழக்கதோஷம். பரத் மூஞ்சி செத்துப்போச்சு. முன் வரிசையில உக்காந்திருந்த ஒரு பெரியவர், "எதைச் சொல்லலைன்னாரும்மா?"ன்னு கேட்டாரு.

நான் திரும்பி பேனரைக் காட்டினேன்.

"அப்போ இதை யாரு சொன்னது?"

"என் வீட்டுக்காரர்"னேன். "பீன்யாவுல வாட்ச்மேனா இருந்தாரே அய்யாவு, அவரு."