தராசு ஐயாவுக்கு ஒரு ஜெபம்

“ஒண்ணு, ரெண்டு, இப்பத் திருப்பு” என்று சொல்லி, அவளும் மருமகளும் அவள் கணவரை ஒருக்களிக்கப் புரட்டினார்கள். நனைந்த விரிப்பை உருவிவிட்டு, உலர்ந்ததை முதுகுக்கடியில் தள்ளி, மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பக்கவாதம் வந்த இந்தப் பதினோரு நாளில் வேலை இருவருக்கும் கைவந்துவிட்டது. காலையில் வந்த டாக்டர், “இன்னிக்கு யாரும் வெளிய தூரமாப் போகாதீங்க” என்று மட்டும் சொல்லிப் பையை மூடிக்கொண்டார். மகன் மட்டும் போதகரை அழைத்துவர ரயிலடிக்குப் போயிருந்தான்.

அவள் கணவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது உத்தியோகம். தராசு ஐயா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சபையில் அவர் ஜெபம் செய்ய எழுந்தால் பிள்ளைகள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்; அவ்வளவு நீளம். ஆனால் ஒரு சொல் பிசகாது. யார் வீட்டில் நோய் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தனக்காக ஜெபிக்க மட்டும் அவர் யாரையும் விட்டதில்லை. “என் விஷயத்தை நானே பேசிக்கிறேன்” என்பார்.

அவள் வாய்விட்டு ஜெபித்தது கல்யாணமான முதல் வாரத்தில், ஒரே ஒரு தடவை. குடும்ப ஜெபத்தில் தன் முறை வந்தபோது, அடுப்பு புகையாமல் எரியவேண்டும் என்று கேட்டாள். “நிறுத்து. உலகத்தையே படைச்சவர்கிட்ட அடுப்பைப் பத்தியா பேசுவாங்க?” என்று பாதியில் வெட்டிவிட்டு, அவரே தொடர்ந்து அவரே முடித்தார். அதன் பிறகு முப்பத்தெட்டு வருஷம் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதோடு சரி. அடுப்பு மாறியது, வீடு மாறியது, அவர் தலை நரைத்தது. அந்தக் கோபம் மட்டும் அவளுக்கு ஆறவில்லை.

மருமகள் கைபேசியை வைத்துவிட்டு வந்தாள். “அத்தை, ரயில் நடுவழியில நிக்குதாம். போதகர் வர மூணு மணி ஆயிடுமாம். அதுவரைக்கும் நான் ஜெபம் பண்ணட்டுமா மாமா?”

அவர் தலையசைத்து மறுத்தார். ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் அவள், முகம் சுருங்கிப்போயிற்று. அவர் அசையக்கூடிய இடது கையைத் தூக்கி மனைவியைக் காட்டினார்.

“நானா?” அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நல்லாருக்கே. எனக்கென்ன தெரியும்? நீங்களே மனசுக்குள்ள பண்ணிக்குங்க. நாக்குதானே வரல?”

அவர் கையை நெஞ்சின் மேல் வைத்தார். “இங்கயும்... வரல.”

அவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. அடுத்தவர் படுக்கையருகே நின்று மடை திறந்தாற்போல் ஜெபித்த மனுஷனுக்கு, தன் படுக்கையில் ஒரு வரிகூட வரவில்லை. இதை வைத்துக்கொண்டுதானா பதினோரு நாளாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்! அவருக்குப் பயமாக இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அன்னிக்கு... நிறுத்துனேன்ல.” ஒவ்வொரு சொல்லையும் அவர் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. “இப்ப நீ... சொல்லு. நான்... பின்னால வரேன்.”

மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. இவ்வளவு சொன்னதே பெரிது. போதகர் வரட்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஆனால் மூச்சு போகிற போக்கைப் பார்த்தால் மூணு மணி வரைக்கும் தாங்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்தாள்.

“பரலோகத்தில் வாசம்பண்ணும்... சர்வவல்லமையுள்ள...” அதோடு நின்றுவிட்டது. அது அவருடைய ஜெபம். மறுபடி ஆரம்பித்தாள்.

“ஆண்டவரே, இவரை உங்ககிட்ட விடுறேன். இவ்வளவு நாள் பார்த்துக்கிட்டவ சொல்றேன், கேட்டுக்குங்க.” அந்த வீட்டு ஜெபத்தில் ஆண்டவர் எப்போதும் ‘நீர்’தான்; யாரும் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. மருமகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். “வலப்பக்கம் ரொம்ப நேரம் படுத்தா இவருக்கு மூச்சு முட்டும்.”

அவர் நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தாள். “ம்” என்றார்.

“தண்ணி வேணும்னா வாயைத் திறந்து கேக்க மாட்டாரு. நீங்கதான் பார்த்துக் குடுக்கணும்.”

“ம்.”

“கோவம் வந்தா கத்துவாரு. கண்டுக்காதீங்க, பத்து நிமிஷத்துல சரியாயிடும். தன் மேல தப்புன்னா ஒத்துக்க நாளாகும். இன்னிக்கு ஒத்துக்கிட்டாரு. எனக்கும் இப்ப ஒண்ணுமில்ல.”

“ம்...” அவர் விரல்கள் அவள் கையை லேசாக அழுத்தின.

“தைரியமானவர் மாதிரி இருப்பாரு. புது இடம்னா ராத்திரி தூக்கம் வராது. முதல் நாள் மட்டும் கூடவே இருங்க.”

அதற்கு ‘ம்’ வரவில்லை. அவள் காத்திருந்தாள். மருமகள் குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

“அத்தை,” என்றாள் அழுகையோடு. “மாமா போயிட்டாரு. ஆமென் சொல்லிடுங்க.”

“இரும்மா. நான் இன்னும் முடிக்கல.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “கண்ணாடி இல்லாம இவருக்கு ஆளு அடையாளம் தெரியாது, ஆண்டவரே. நீங்கதான் முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடணும்” என்றாள். பிடித்திருந்த கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வேறென்ன சொல்ல விட்டுப்போயிற்று என்று யோசித்தாள்.