மறுபடி இழுக்காத வார்

“அக்கா, போனை வச்சுடாத. தம்பி இன்னும் கண்ணு முழிக்கல. ஸ்கேன் எடுக்க உள்ள கொண்டுபோயிட்டாங்க.”

ஆஸ்பத்திரி மாடிப்படியில் சுருண்டு உட்கார்ந்து, வாயைப் பொத்தியபடி பேசினாள் சின்னவள். பத்தாவது படிக்கிறாள். சட்டையெல்லாம் குதிரை லாயத்து வைக்கோல்.

“அழாம சொல்லுடி. குதிரை மிரண்டுச்சா?”

“அது பாவம், ஆமை மாதிரி மெதுவாத்தான் நடந்துச்சு. திரும்புறப்ப சேணம் வயித்துக்கடியில சுத்திக்கிச்சு. இவன் தலைகீழா...”

விடுமுறை நாட்களில் அவள் லாயத்தில் எடுபிடி வேலை செய்வாள். குதிரைக்குச் சேணம் பூட்டுவது லாயத்து மாமா. சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்று வாரை இழுக்கும்போது கள்ளக் குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடத்தி, அது மூச்சு விட்டதும் வாரை மறுபடி இழுக்க வேண்டும்; இல்லாவிட்டால் சேணம் நழுவும். அந்த இரண்டாவது இழுப்பு அவள் பொறுப்பு.

“இந்த பெல்ட்டுக்கு என்ன பேரு, டிக்‌ஷனரி?” என்று இன்று குதிரையில் ஏறும் முன் கேட்டான் தம்பி. மாமா அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“கெர்த். வடக்குக் கடல் பக்கத்துப் பழைய பாஷையிலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்தது. சுத்திக் கட்டுற வார்னு அர்த்தம். அப்புறம்தான் மரத்தோட சுற்றளவு, தொப்பையோட சுற்றளவு எல்லாத்துக்கும் அதையே சொல்ல ஆரம்பிச்சாங்க.”

“அப்ப அப்பாவோட கெர்த்தை அளக்க ரெண்டு டேப் வேணுமே!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த வாக்கிலேயே அவன் ஏறி, குதிரையைத் தட்டிவிட்டான். அவள் கை வார்ப்பக்கமே போகவில்லை.

“வாரை ரெண்டாவது தடவை இழுக்க மறந்தது நான்தான், அக்கா. அப்பா கீழ மாமாவைப் புடிச்சு உலுக்குறார். மாமா என் பேரைச் சொல்லல. என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.”

“அப்பாகிட்ட நீயே சொல்லிடு.”

“ரெண்டு படி இறங்கிட்டுத் திரும்பி வந்துட்டேன், அக்கா.”

படியேறி வந்தாள் அம்மா. புடவைத் தலைப்பில் தம்பியின் ரத்தம் காய்ந்திருந்தது. சின்னவள் போனை மடியில் கவிழ்த்தாள்.

“டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல. அப்பா போலீசுக்கு எழுதிக் கொடுக்கப் போறாராம். நீ பக்கத்துலயே நின்னியேடி.” அம்மா அவள் தோளைப் பிடித்தாள். “அந்த வாரைக் கடைசியா தொட்டது யாரு?”